'உங்க மேல எந்தத் தப்பும் இல்லை!' - தூக்கத்தில் பறிபோன பிஞ்சுகளும், பிரிட்டன் கற்ற பாடமும்

1991-ம் ஆண்டு, ஜூலை மாதம். லண்டனில் ஒரு வீடு. காலையில் குழந்தையைத் தூக்கப்போன அம்மா, தொட்டிலில் அசைவில்லாமல் கிடந்த மகனைப் பார்த்து உறைந்துபோனார். செபாஸ்டியனுக்கு அப்போது நான்கே மாதம்.

அந்த அம்மாவின் பெயர் ஆன் டயமண்ட். காலை நேர டி.வி நிகழ்ச்சியின் மூலம் பிரிட்டன் முழுக்கத் தெரிந்த முகம். மகனைப் பறிகொடுத்த அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'ஏன்?' அதற்குப் பதில் தேடிப் புறப்பட்ட அவருடைய பயணம், அடுத்த சில மாதங்களில் பிரிட்டன் தன் குழந்தைகளைத் தூங்கவைக்கும் முறையையே மாற்றியது.

அதன் பிறகு பிரிட்டன் இன்னொரு பாடத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குழந்தையைக் காப்பாற்ற என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. குழந்தை இறந்துபோன வீட்டில் என்ன பேச வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பாடம் அது. இந்த இரண்டுக்கும் அங்கே இன்று முறையான பயிற்சி தரப்படுகிறது.

எது இந்தத் 'தொட்டில் மரணம்'?

நன்றாக இருந்த குழந்தை, தூங்கும்போது திடீரென்று இறந்துவிடுகிறது. உடற்கூராய்வு செய்கிறார்கள், குழந்தை தூங்கிய இடத்தைப் பார்க்கிறார்கள், அதுவரையிலான மருத்துவக் குறிப்புகளைப் புரட்டுகிறார்கள். அப்படியும் காரணம் கிடைக்கவில்லை என்றால் மட்டுமே அதை, 'திடீர் சிசு மரணம்' (எஸ்.ஐ.டி.எஸ்) என்கிறார்கள். 1969-ம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்த மாநாட்டில் இந்தப் பெயர் முன்மொழியப்பட்டது. பேச்சுவழக்கில் 'தொட்டில் மரணம்'.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது நேர்கிறது. இரண்டு முதல் நான்கு மாதம் வரையிலான காலகட்டத்தில்தான் ஆபத்து அதிகம். ஆறு மாதம் தாண்டினால் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஏன் நடக்கிறது என்பதற்கு 1994-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிலியானோவும் ஹன்னா கின்னியும் ஒரு விளக்கம் தந்தார்கள். மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் சேரும்போது இது நிகழ்கிறது என்பது அவர்கள் கருத்து. முதலாவது, வெளியே தெரியாத ஏதோ ஒரு பலவீனம் குழந்தையின் உடலில் இருப்பது. இரண்டாவது, வேகமாக வளரும் அந்த முதல் சில மாதங்கள். மூன்றாவது, குப்புறப் படுப்பது, அதிக வெப்பம், சிகரெட் புகை போன்ற வெளிக்காரணம்.

முதல் இரண்டையும் நம்மால் மாற்ற முடியாது. எந்தக் குழந்தைக்கு அந்தப் பலவீனம் இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லும் பரிசோதனையும் வழக்கத்தில் இல்லை. நம் கையில் இருப்பது மூன்றாவது மட்டும்தான். பயிற்சிகள் எல்லாம் அதைச் சுற்றியே இருக்கின்றன.

சொன்னதைத்தானே செய்தார்கள்!

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் பெற்றோர்களுக்குச் சொல்லித்தரப்பட்டது, குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டும் என்பதுதான். கோடிக்கணக்கான வீடுகளில் இருந்த டாக்டர் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்புப் புத்தகமும், 1950-களின் பிற்பகுதிப் பதிப்புகளில் இருந்து இதையே சொன்னது. 'மல்லாந்து படுத்தால், வாந்தி எடுக்கும்போது புரையேறிவிடும்' என்ற பயம் ஒரு காரணம். குறைமாதக் குழந்தைகள் மருத்துவமனையில் குப்புறப் படுத்திருக்கும்போது நன்றாக மூச்சு விட்டது இன்னொரு காரணம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்காணிப்பில் இருக்கும் குழந்தைக்குப் பொருந்தியதை, வீட்டில் தனியாகத் தூங்கும் குழந்தைக்கும் பொருத்திவிட்டார்கள்.

'அப்படிச் செய்யாதீர்கள்' என்பதற்கான தடயங்கள் அப்போதே இருந்தன. 1985-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை, ஹாங்காங்கில் தொட்டில் மரணம் அபூர்வமாகவே இருப்பதைச் சுட்டிக்காட்டியது. அங்கே குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைப்பதுதான் வழக்கம்.

இத்தனை ஆண்டுத் தாமதத்தின் விலை என்ன என்பதை 2005-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 1970-ம் ஆண்டு வரை வந்திருந்த ஆய்வுகளை அப்போதே யாராவது ஒன்றுசேர்த்துப் பார்த்திருந்தால், பிரிட்டனில் மட்டும் 10,000-க்கும் அதிகமான குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கலாம் என்றது அந்த ஆய்வு.

அந்தக் குழந்தைகளின் பெற்றோர்கள் யாரும் அலட்சியமாக இருந்தவர்கள் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டவர்கள்.

ஒரே ஒரு வரி

மகனை இழந்த ஆன் டயமண்ட், ஒரு டி.வி நிகழ்ச்சிக்காக நியூசிலாந்து சென்றார். அங்கே 1987 முதல் 1990 வரை பேராசிரியர் எட் மிட்செல் குழுவினர் நடத்திய பெரிய ஆய்வு, குப்புறப் படுப்பது, தாய் புகைபிடிப்பது, தாய்ப்பால் கொடுக்காதது ஆகியவை ஆபத்தைக் கூட்டுவதைக் கண்டறிந்திருந்தது. அதை அந்த நாடு பெற்றோர்களுக்குச் சொல்லவும் தொடங்கியிருந்தது. இறப்புகள் சரிந்துகொண்டிருந்தன.

பிரிட்டனிலும் ஆதாரம் இல்லாமல் இல்லை. பிரிஸ்டல் நகரில் பேராசிரியர் பீட்டர் ஃப்ளெமிங் குழுவினர், குப்புறத் தூங்கும் குழந்தைகளுக்கு ஆபத்து எட்டு மடங்குக்கும் மேல் என்று 1990-லேயே எழுதியிருந்தார்கள். அது மருத்துவ இதழின் பக்கங்களில் இருந்தது. தொட்டிலைத் தட்டிக்கொடுக்கும் கைகளுக்குப் போய்ச் சேரவில்லை.

நாடு திரும்பிய ஆன், சுகாதாரத்துறையை விடவில்லை. 1991 டிசம்பரில் 'பேக் டு ஸ்லீப்' பிரசாரம் தொடங்கியது. அவரே டி.வி விளம்பரத்தில் தோன்றிப் பேசினார். செய்தி ஒரே வரிதான். 'குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்.' புதிய மருந்தோ கருவியோ எதுவும் வரவில்லை. 1980-களின் இறுதியில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளை இப்படி இழந்துகொண்டிருந்த நாட்டில், தொட்டில் மரணங்கள் காலப்போக்கில் சுமார் 80 சதவிகிதம் குறைந்தன. அமெரிக்கா இதே பெயரில் 1994-ல் பிரசாரத்தைத் தொடங்கியது. ஆன் டயமண்டுக்கு 2023-ல் 'ஓ.பி.இ' விருது வழங்கப்பட்டது.

நோட்டீஸ் கொடுத்தால் போதுமா?

80 சதவிகிதம் குறைந்தது சரி. மீதி 20 சதவிகிதம்? பிரிட்டனில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 200 குழந்தைகள் இப்படி இறக்கின்றன. அவற்றில் பல, வறுமையிலும் நெருக்கடியிலும் இருக்கும் குடும்பங்களில் நடப்பவை.

2020-ல் பிரிட்டனின் குழந்தைகள் பாதுகாப்பு ஆய்வுக்குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் தலைப்பையே தமிழில் 'வழக்கம் தப்பியபோது' என்று சொல்லலாம். அறிக்கையில் அலசப்பட்ட குடும்பங்களில் பலருக்கும் அறிவுரைகள் கிடைத்திருந்தன. ஆனால் வீடு மாறிய இரவில், விருந்துக்குப் போன இடத்தில், தற்காலிக விடுதியில், தொட்டில் இல்லாத உறவினர் வீட்டில் எனத் தினசரி வழக்கம் குலைந்த ஏதோ ஒரு நாளில்தான் விபரீதம் நடந்திருந்தது.

பயிற்சியின் போக்கையே இது மாற்றியது. பிரிட்டனில் குழந்தை பிறந்ததும் மிட்வைஃப் வீட்டுக்கு வருவார். பிறகு 'ஹெல்த் விசிட்டர்' எனப்படும் செவிலியர் வருவார். 'புகைபிடிக்காதீர்கள், பக்கத்தில் படுக்கவைக்காதீர்கள்' என்று பட்டியல் வாசித்துவிட்டுக் கிளம்பினால், அம்மாக்கள் தலையை ஆட்டுவார்கள். ராத்திரி மூன்று மணிக்கு அழும் குழந்தையோடு என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் திட்டுவார்களோ, 'நல்ல அம்மா இல்லை' என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம்.

எனவே, கேட்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். 'குழந்தை எங்கே தூங்கும், கொஞ்சம் காட்டுறீங்களா?', 'நேத்து ராத்திரி எப்படிப் போச்சு?', 'ஊருக்குப் போனா எங்க படுக்கவைப்பீங்க?' இப்படிக் கேட்டால் உண்மை வரும். உண்மை வந்தால்தான் வழி சொல்ல முடியும்.

உதாரணத்துக்கு, பால் கொடுக்கும்போது சோபாவில் அப்படியே தூங்கிவிடும் அம்மாக்கள் உண்டு. மெத்தையைவிட சோபா மிக மிக ஆபத்தானது. ஆபத்து 50 மடங்கு வரை கூடும் என்கிறது 'தி லல்லபை டிரஸ்ட்' அமைப்பு. 'பக்கத்தில் படுக்கவைக்கவே கூடாது' என்று மட்டும் சொன்னால், தூக்கம் சொக்கும் அம்மா பயந்துபோய் எழுந்து சோபாவுக்குத்தான் போவார். 'கண் அசந்துவிடுவோம் என்று தோன்றினால் சோபா மட்டும் வேண்டாம். மெத்தையில் இருந்து தலையணை, கம்பளியை எல்லாம் எடுத்துவிடுங்கள்' என்று சொன்னால், அந்த அம்மாவால் கடைப்பிடிக்க முடியும்.

லல்லபை டிரஸ்ட், 1971-ல் பேரனைப் பறிகொடுத்த ஒரு பாட்டியின் முயற்சியால் உருவான அமைப்பு. மிட்வைஃப், ஹெல்த் விசிட்டர், குடும்பநலப் பணியாளர்கள் என்று குழந்தை இருக்கும் வீட்டுப் படியேறும் பலருக்கும் இந்த அமைப்பு பயிற்சி தருகிறது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் 'பாதுகாப்பான தூக்க வாரம்' நடத்துகிறது.

7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று

இனி வருவது பிரிட்டன் கற்ற இரண்டாவது பாடம். அதைத் தவறு செய்துதான் கற்றது.

சாலி கிளார்க் ஒரு வழக்கறிஞர். 1996-ல் முதல் மகனையும், 1998-ல் இரண்டாவது மகனையும் கைக்குழந்தைகளாகவே இழந்தார். இருவரையும் அவரே கொன்றதாக வழக்குப் பதிவானது. நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பிரபல குழந்தைகள்நல மருத்துவர் ராய் மெடோ, இப்படிப்பட்ட குடும்பத்தில் இரண்டு தொட்டில் மரணங்கள் நடக்கும் வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். ஒரு மரணத்துக்கான வாய்ப்பு 8,543-ல் ஒன்று. அதை அதே எண்ணால் பெருக்கிவிட்டார். ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே மரபணுப் பலவீனம் இருக்கலாம் என்பதை அந்தக் கணக்கு பார்க்கவே இல்லை.

1999-ல் சாலிக்கு ஆயுள் தண்டனை. கணக்கு தவறு என்று பிரிட்டனின் ராயல் புள்ளியியல் கழகம் 2001-ல் வெளிப்படையாக அறிவித்தது. இரண்டாவது குழந்தைக்குக் கிருமித்தொற்று இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவு, விசாரணையில் வெளியிடப்படாமலே இருந்ததும் தெரியவந்தது. 2003 ஜனவரியில் விடுதலையானார். ஆனால், அவரால் பழைய வாழ்க்கைக்குத் திரும்பவே முடியவில்லை. 2007-ல் இறந்துபோனார்.

அதே 2003-ல், மூன்று குழந்தைகளை இழந்த இந்திய வம்சாவளி மருந்தாளுநர் திருப்தி படேலும் நீதிமன்றக் கூண்டில் நின்றார். இந்தியாவில் இருந்து வந்த அவருடைய வயதான பாட்டி, தன் குழந்தைகளில் ஐந்து பேர் சிறுவயதிலேயே இறந்ததாகச் சாட்சி சொன்னார். திருப்தி குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. ஆண்டின் இறுதியில் ஏஞ்சலா கேனிங்ஸ் என்ற இன்னோர் அம்மாவின் தண்டனையும் ரத்தானது.

நாடே தலைகுனிந்த நேரம் அது. வழக்கறிஞர் ஹெலினா கென்னடி தலைமையிலான குழு, 2004-ல் புதிய வழிகாட்டுதல்களைக் கொண்டுவந்தது. விசாரணை வேண்டும், குழந்தைக்கு என்ன ஆனது என்று தெரிந்தாக வேண்டும். ஆனால், பெற்றோரைக் குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டு அந்த விசாரணையைத் தொடங்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

அந்த வீட்டில் என்ன பேசுவது?

இதன்படி, இறந்த குழந்தையை நேராகப் பிணவறைக்குக் கொண்டுபோவதில்லை. மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்கிறார்கள். பெற்றோரோடு இருப்பதற்கென்றே ஓர் ஊழியர் ஒதுக்கப்படுகிறார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறார்கள். பிஞ்சுக் கை, கால்களின் அச்சு, ஒரு கற்றை முடி, ஒரு புகைப்படம் என்று பெற்றோர் விரும்பினால் எடுத்துத் தருகிறார்கள்.

போலீஸ்காரரும் குழந்தைகள்நல மருத்துவரோ செவிலியரோ சேர்ந்தே வீட்டுக்குப் போகிறார்கள். ஒரே நோக்கத்தோடு, ஒரே நேரத்தில். நடந்ததைப் பெற்றோர் ஆளாளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இறந்தது இரட்டையரில் ஒன்று என்றால், இன்னொரு குழந்தையை மருத்துவமனையில் சேர்த்துக் கண்காணிக்கிறார்கள். பால் கட்டிக்கொண்டு தவிக்கும் அம்மாவுக்கு, அதை மெள்ளக் குறைப்பது எப்படி என்று சொல்லித்தரவும் ஆள் வேண்டும். பலர் மறந்துவிடும் விஷயம் இது.

வார்த்தைகளுக்கும் பயிற்சி உண்டு. குழந்தையை 'அது', 'பாடி' என்று சொல்லாமல் பெயர் சொல்லிப் பேச வேண்டும். 'உங்களுக்கு என்ன வயசாகுது, இன்னொரு குழந்தை பெத்துக்கலாம்' என்பதைச் சொல்லவே கூடாது. 'எனக்கு உங்க வலி புரியுது' என்பதும் வேண்டாம். அந்த வலி அவர்களுக்கு மட்டுமே தெரியும். 'ரொம்ப வருத்தமா இருக்கு. நான் இங்கேயே இருக்கேன்' என்பது போதும். எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் சரிதான்.

அண்ணன், அக்காவாக வீட்டில் குட்டிக் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம். 'பாப்பா தூங்கிடுச்சு' என்று சொன்னால், அன்றிலிருந்து அந்தக் குழந்தை தூங்கவே பயப்படும். 'பாப்பா இறந்துடுச்சு. உன்னால இல்லை' என்று எளிமையாக, உண்மையாகச் சொல்லச் சொல்கிறார்கள்.

பிறகு ஒருநாள் அந்த அம்மா மீண்டும் கருவுறுவார். சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம் இருக்கும். 1988-ல் இருந்து நடந்துவரும் 'அடுத்த குழந்தைக்கான பராமரிப்பு' என்ற திட்டம் (கோனி) இவர்களுக்கானது. ஹெல்த் விசிட்டர் அடிக்கடி வீட்டுக்கு வருவார், எடை பார்ப்பார், முதலுதவி சொல்லித்தருவார். அறை வெப்பமானி, மூச்சைக் கண்காணிக்கும் மானிட்டர், தினசரிக் குறிப்பேடு ஆகியவையும் கிடைக்கும். மானிட்டர் மரணத்தைத் தடுக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அந்த அம்மாவுக்குக் கொஞ்சமாவது தூக்கம் வர அது உதவலாம்.

இந்த உதவிகளில் பெற்றோருக்கு மிக நெருக்கமானவர்கள், 'பிஃப்ரெண்டர்' எனப்படும் தன்னார்வலர்கள். இவர்களும் ஒரு காலத்தில் குழந்தையை இழந்தவர்கள்தான். காலம் கடந்து, பயிற்சி பெற்று, இன்னொருவரின் துயரத்தைக் கேட்க வருகிறார்கள். 'இதற்குப் பிறகும் வாழ முடியுமா?' என்ற கேள்விக்கு, எதிரில் உட்கார்ந்திருக்கும் அவர்களே பதில்.

பிரசவம் பார்க்க ஃபிளைட் ஏறும் பாட்டிகளுக்கு...

மகளின் பிரசவத்துக்காக லண்டனுக்கும் பர்மிங்ஹாமுக்கும் கிளம்பும் அம்மாக்கள் இங்கே நிறைய பேர். அங்கே ஹெல்த் விசிட்டர் சொல்வதும் ஊரில் பழகியதும் மோதும்போது, நடுவில் தவிப்பவர் புதுத் தாய்தான். பிரிட்டனில் தெற்காசியக் குடும்பங்களில் தொட்டில் மரணம் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. பிராட்ஃபோர்டு நகரில் சுமார் 2,500 குடும்பங்களிடம் நடந்த ஆய்வில், பாகிஸ்தானிய வம்சாவளி அம்மாக்கள் குழந்தையைத் தனி அறையில் விடுவதும், சோபாவில் சேர்ந்து தூங்குவதும், புகை, மதுப் பழக்கமும் மற்றவர்களைவிடக் குறைவு என்று தெரிந்தது. ஆக, குழந்தையைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ளும் பாட்டியின் பழக்கம் நல்லதுதான். அதோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

* பகலோ இரவோ, ஒவ்வொரு முறையும் மல்லாக்கவே படுக்க வையுங்கள். புரையேறும் என்ற பயம் வேண்டாம். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், கக்கும் பால் எளிதில் மூச்சுக்குழாய்க்குள் போகாது.

* குழந்தை தானாகவே இருபக்கமும் புரளப் பழகிவிட்டால், தூக்கத்தில் குப்புற விழும்போதெல்லாம் எழுந்து திருப்பிப்போட வேண்டியதில்லை. விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பார்வையில் குப்புறப் போட்டு விளையாட விடலாம்.

* படுக்கை கெட்டியாக, சமமாக இருக்கட்டும். தலை உருண்டையாக வர வைக்கும் கடுகுத் தலையணை, மெத்தென்ற பொம்மைகள், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகள் வேண்டாம். தொங்கும் தூளி சமதளம் இல்லை என்பதால், தூங்கும் இடமாக அதை அங்கே பரிந்துரைப்பதில்லை.

* முதல் ஆறு மாதம், பெரியவர்கள் இருக்கும் அறையிலேயே தனித் தொட்டிலில் தூங்கட்டும்.

* குளிர் நாடு என்று ஸ்வெட்டர், குல்லா, கம்பளி எல்லாவற்றையும் சேர்த்துப் போடாதீர்கள். அறை 16 முதல் 20 டிகிரி வரை இருந்தால் போதும். வீட்டுக்குள் குல்லா தேவையில்லை. கை, கால் சில்லென்று இருப்பது இயல்பு. மார்பையோ பின்கழுத்தையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள்.

* கர்ப்ப காலத்திலும் அதன் பிறகும் வீட்டில் யாரும் புகைபிடிக்க வேண்டாம். புகைபிடித்தவரும், மது அருந்தியவரும் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது. குறைமாதத்திலோ, இரண்டரை கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தையையும் பெரியவர்கள் படுக்கையில் சேர்த்துப் படுக்கவைக்கக் கூடாது.

* முடிந்தவரை தாய்ப்பால் கொடுங்கள். இரண்டு மாதம் கொடுத்தாலே ஆபத்து சுமார் பாதியாகக் குறைகிறது.

இத்தனையும் செய்த பிறகும், எங்கோ ஒரு வீட்டில் ஒரு தொட்டில் காலியாகலாம். அப்போது அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறவர்கள், 'எப்படிப் படுக்க வெச்சே?', 'யாரும் பார்க்கலையா?' என்று ஆரம்பிக்க வேண்டாம். அந்தக் கேள்விகளை அந்த அம்மா ஏற்கெனவே ஆயிரம் முறை தன்னையே கேட்டிருப்பார்.

குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள். 'உங்க மேல எந்தத் தப்பும் இல்லை' என்று சொல்லுங்கள். பதினாறாம் நாளோடு நிறுத்திவிடாமல், குழந்தையின் முதல் பிறந்தநாள் வந்திருக்க வேண்டிய தேதியிலும் ஒரு போன் பண்ணுங்கள்.